ஸ்பாட்

“ஸ்பாட்லயே முடிஞ்சிருச்சும்மா, வலியே தெரிஞ்சிருக்காது” என்று போலீஸ்காரர் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் ரெஜினா அந்த மாதத்தைக் கடத்தினாள். லாரி கவிழ்ந்து இறந்துபோன கணவன் அருள்தாஸ் வேதனைப்படவில்லை என்ற ஒரே ஆறுதல் அது.

“ஸ்பாட்டுன்னா என்னடி?” என்று மகளிடம் கேட்டாள். கல்லூரியில் ஆங்கிலம் படிக்கும் மகள் தயங்கினாள்.

“இடம்னு அர்த்தம்மா. ஆனா முதல்ல கறைக்குத்தான் அந்தப் பேரு இருந்துச்சாம். இடம்ங்கிறதெல்லாம் பின்னாடி வந்தது.”

மறுநாள் ரெஜினா தனியாக பஸ் ஏறிப் போய் லாரி கவிழ்ந்த வளைவில் இறங்கினாள். மழையில் சாலை கழுவிவிட்டாற்போல் கிடந்தது. கறை எதுவும் இல்லை. அவள் குனிந்து தேடுவதைப் பார்த்து, இளநீர் விற்கும் பெண் எழுந்து வந்தாள்.

“லாரி டிரைவர் வீட்டுக்காரங்களா? என் மடியிலதான்க்கா படுத்திருந்தாரு.”

ரெஜினா நிமிர்ந்தாள். “உயிரோடயா?”

“ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் பேசிட்டுத்தான் இருந்தாரு. ஸ்கூட்டர்ல குறுக்க வந்த பொண்ணுக்கு ஒண்ணும் ஆகலையேன்னு அதையேதான் கேட்டாரு.”

ஸ்கூட்டரில் வந்த பெண் மோதிய வேகத்திலேயே இறந்திருந்தாள். அது ரெஜினாவுக்கும் தெரியும்.

“நீ என்ன சொன்ன?”

“எந்திரிச்சு நடந்து போயிருச்சுண்ணே, நல்லாயிருக்குன்னேன். அப்புறந்தான் கண்ணை மூடினாரு.” அவள் குரல் இறங்கியது. “தப்பாக்கா?”

ரெஜினா நெருங்கி வந்தாள். இளநீர் வெட்டிக் காய்த்துப்போன அந்த இரண்டு கைகளையும் எடுத்துத் தன் முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.