சாம்பல் மேட்டின் சரிவு

எண்ணூரில் மழை பெய்தால், ஆலையின் சாம்பல் மேடு கரைந்து பக்கத்துக் குப்பத்துக்குள் புகுந்துவிடும்.

"சோத்துலயும் சாம்பலு. ஒரே கலீஜா கீது சார்!" என்று காறித் துப்பினாள் பச்சையம்மா.

இன்ஜினீயர் ஸ்டானிஸ்லாஸ் மேனேஜரிடம் மன்றாடினார். செங்குத்தான மேட்டை நன்றாகச் சாய்வாக்கிப் புல் நட்டால் மழை அரிக்காது என்று வரைந்து காட்டினார். 1974 கோடையில் ஒருவழியாக அனுமதி கிடைத்தது.

ஸ்டானிஸ்லாஸ் நெகிழ்ந்துபோனார். "குப்பத்து ஜனங்க உங்களை மறக்க மாட்டாங்க சார்."

"சாய்வாக்கினா மேட்டோட அடி அகலமாகுமே, இடத்துக்கு எங்கே போறதுன்னுதான் யோசிச்சேன்" என்றார் மேனேஜர். "குப்பத்தையே காலி பண்ணச் சொல்லிட்டேன்."

வெளியே பச்சையம்மா காத்திருந்தாள்.

"இனிமே எங்க வூட்டுக்குள்ள சாம்பலு வராதில்ல சார்?"

"வராது" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.