தூக்கக் கூடாத ஆள்

“எறக்கி வைங்க.”

“இன்னுங் கொஞ்ச தூரம் போயிருவோமே, செவத்தி.”

“கங்காணி சொன்னது காதுல விழலையா? கொடலு எறங்குன ஆளு பாரந் தூக்குனா வழியிலயே செத்துப்போவாராம். ஒங்கள விட்டா இந்தக் காட்டுல எனக்கு யாரு இருக்கா? எறக்கி வைங்க.”

மூக்கன் இறக்கி வைத்தான்.

தம்புள்ளைக்கு அப்பால், காட்டுவழியில், நடந்து வருபவர்கள் ஒதுங்குகிற ஓர் அம்பலத்தில் நடந்த பேச்சு அது. காப்பித் தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வந்த கங்காணி, அன்று காலை ஓடையில் குளிக்கும்போதுதான் மூக்கனின் தொடையிடுக்கில் எலுமிச்சங்காய் அளவுக்குப் புடைத்திருந்ததைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் குடலிறக்கம் என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

அதற்குப் பிறகு, அவர்கள் வேலைக்குப் போய்ச் சேர்ந்த ஹுன்னஸ்கிரிய மலையில் காப்பி ஏழு வருஷம் பூத்துவிட்டது.

தோட்டத்தில் மூக்கனை மூட்டை தூக்க விடவில்லை. பாதிச் சம்பளத்துக்கு அரைப்பேர் போட்டு, காப்பிக்கொட்டை காயும் களத்தில் கிளறிவிட நிறுத்தினார்கள்.

“என்னடா மூக்கா, கொடலு பத்திரமா இருக்கா? இல்ல காப்பியோட சேத்துக் காயப் போட்டுட்டியா?”

ஆண்கள் தினமும் கேட்பார்கள். அவனும் சிரித்துவைப்பான்.

காப்பிக் கட்டையில் வில்லை ஒன்று செதுக்கி, அதைக் கோவணத்துக்குள் வைத்துப் புடைப்பின் மேல் இறுகக் கட்டியிருந்தான். குடலை உள்ளே தள்ளி நிறுத்துவதற்காம். மாலையில் அவிழ்க்கும்போது தோல் கன்றிச் சிவந்திருக்கும். புடைப்பு மட்டும் அப்படியே இருக்கும்.

செவத்தியின் தகப்பனுக்கும் குடலிறக்கம் இருந்தது. அவர் இருமினால் வெளியே வரும், படுத்தால் தானாக உள்ளே போய்விடும். இவனுக்குப் படுத்தாலும் போகவில்லை. இது இன்னும் மோசமானது போலிருக்கிறது என்று அவள் பயந்தாள். அவன் பங்கு மூட்டைகளையும் சேர்த்து அவளே வண்டிப்பாதை வரை சுமந்து இறக்கினாள்.

அவளுக்கு அவனிடம் கேட்க ஒன்று இருந்தது. வந்த வழியே ஒரு தடவை, அந்த அம்பலம் வரைக்கும் திரும்பிப் போகவேண்டும்.

தனியாக ஒரு பெண் போகிற வழியல்ல அது. அவனைக் கூப்பிட்டாலோ, அத்தனை தூரம் நடந்தால் குடல் சரிந்துவிடும். ஆகவே அவள் கேட்கவில்லை. அவனும் அந்த இடத்தின் பேரை எடுக்கவில்லை. கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில், தங்கள் ஒரே அறைக்குள் இருவரும் அதைச் சுற்றிச் சுற்றி நடந்து குடும்பம் நடத்தினார்கள்.

போன வாரம் மூக்கனுக்கு நிற்காத வாந்தி. குடல் முறுக்கிக்கொண்டது என்று பயந்துபோன துரை, கண்டிக்குப் போகும் காப்பி வண்டியில் மூட்டைகளுக்கு மேலே அவனைப் படுக்கப் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். செவத்தி வண்டிக்குப் பின்னால் நடந்தே வந்தாள்.

இன்று காலை அறுத்தார்கள்.

அவள் ஆஸ்பத்திரி விறாந்தையில் குந்தியிருந்தாள். காயத்துக்கு மருந்து கட்டுகிற மயில்வாகனம், யாழ்ப்பாணத்துக்காரர், கையில் பீங்கான் கிண்ணத்தோடு வெளியே வந்தார்.

“இஞ்சை பார். உன்ரை புருஷன்ரை குடல்!” என்று சிரித்தார்.

கிண்ணத்தில் மஞ்சளாக, உருண்டையாக, கோழியின் வயிற்றுக் கொழுப்பைப் போல ஒன்று கிடந்தது.

“ஆர் இதைக் குடல் எண்டு சொன்னது? வெறும் கொழுப்பு. குடல் தன்ரை இடத்திலை சுகமாய்த்தான் இருக்குது. சத்தி எடுத்தது ஏதோ கெட்டுப்போனதைத் திண்டதாலை.”

செவத்தி கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப இத வெச்சுக்கிட்டு பாரந் தூக்கியிருக்கலாங்களா, ஐயா?”

“ஓம். எவ்வளவும் தூக்கியிருக்கலாம். ஏன், என்ன பாரம்? நெல்லு மூட்டையோ?”

“மூணு வயசுப் புள்ளைங்க.”

மயில்வாகனத்தின் சிரிப்பு நின்றது.

“வாந்திபேதிங்க அவளுக்கு. அதுக்குப் பயந்து வேற யாரும் தொடல. எனக்கும் காய்ச்ச, நிக்கக்கூட முடியல. அவருதான் தோள்ல போட்டுக்கிட்டு வந்தாரு. வழியில ஒரு அம்பலத்துல எறக்கி வெக்கச் சொன்னது நாந்தாங்க. அப்ப உசுரு இருந்துச்சுங்க,” என்றாள்.

அவர் கிண்ணத்தைத் துணியால் மூடினார்.

“ஐயா, அவருகிட்ட மட்டும் இதச் சொல்லிராதீங்க.”

உள்ளே மயக்க மருந்தின் வாடை அடித்தது. மூக்கன் கண் திறந்திருந்தான். உதடு வெடித்திருந்தது. அவள் துணியைத் தண்ணீரில் நனைத்து அவன் உதட்டில் வைத்தாள்.

“கொடல உள்ள தள்ளிட்டாங்களா?”

“தள்ளிட்டாங்க,” என்றாள். “நல்லா தெச்சு விட்டுருக்காங்களாம். புண்ணு ஆறுனதும் எம்புட்டுத் தூரமும் நடக்கலாமாம்.”

அவன் கண்களை மூடிக்கொண்டான். எதற்காகச் சொல்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும். மூடிய இமைகளின் ஓரத்தில் நீர் ததும்பியது.

செவத்தி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த அம்பலத்துக்குப் போயி கேப்போங்க. புள்ள உசுரோட இருந்தா, ஒங்க தோள்லயே தூக்கிட்டு வாங்க, பத்து வயசு ஆயிருந்தாலும் பரவால்ல. இல்லாட்டி, எந்த எடத்துல பொதச்சாங்கன்னு காட்டச் சொல்லுவோம்.”