ஊகிக்க முடியாத எண்

ஒரு பிரவுசருக்குள் வேகன், நிதானன் என்று இரண்டு எண் மெஷின்கள் இருந்தன. ஒரு இணையக் கடையின் பக்கத்துக்குள் நுழைகிற ஒவ்வொருவருக்கும் ஒரு ரகசிய எண் வேண்டும். வேகன் போன எண்ணைப் பெருக்கி அடுத்ததைத் தள்ளிவிடுவான். நிதானன் யாரும் ஊகிக்க முடியாதபடி ஒவ்வொன்றையும் புதிதாகப் பிடித்து வருவான்.

“அவன் எண் ஒண்ணைப் பார்த்தாலே அடுத்ததைச் சொல்லிடலாம் அண்ணாச்சி” என்று நிதானன் கடையிடம் தலைபாடாய் அடித்துக்கொண்டான்.

“போப்பா. உன் எண்ணும் எனக்குப் புரியல, அவன் எண்ணும் புரியல. ரெண்டும் ஒண்ணுதான்” என்று கடை வேகனையே வைத்துக்கொண்டது.

ஒருநாள் ஒரு திருடன் தன் எண்ணை வைத்தே அடுத்தவர் எண்ணைக் கணக்குப் போட்டு, அவர் பெயரில் புகுந்து வழித்துக்கொண்டு போனான்.

வேகன் அப்போதும் எண்களைத் தள்ளிக்கொண்டிருந்தான். கடை அவனைத் தாண்டி நிதானனிடம் வந்தது. இப்போதாவது நம்மைத் தேடி வந்ததே என்று நிதானன் நிமிர்ந்தான்.

“இப்படி நடக்கும்னு உனக்கு மட்டும்தானே தெரியும்? திருடனுக்குச் சொல்லிக் கொடுத்தது நீதானே?”