அரண்மனை வாட்ச்

"இந்த வாட்ச் உங்க வீட்டுக்கு எப்படி வந்தது?"

வாட்ச் சேகரிப்போர் சங்கத்தின் கண்காட்சி. மைக்கைப் பிடித்துக் கேட்டவர் சங்கத் தலைவர். தொழிலில் பல் டாக்டர். 

மேடையில் நின்றவள் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி. காலையிலிருந்து எல்லோரும் மொய்த்துக்கொண்டிருந்தது அவள் கொண்டுவந்த வாட்சைத்தான்.

"என் வீட்டுக்காரருக்குப் பரிசா கொடுத்தாங்க" என்றாள்.

"டயல்ல இருக்கிற கழுகு ஒரு வெளிநாட்டு அரண்மனையோட முத்திரை. வாட்ச் கம்பெனிகிட்ட சொல்லி, தங்களுக்குன்னு தனியா செஞ்சு வாங்கினாங்க. மந்திரி, தளபதின்னு பெரிய ஆளுங்களுக்குத்தான் கொடுத்ததா கேள்வி. சாதா வாட்சுல டயலை மட்டும் மாத்தி ஏமாத்தறவங்களும் உண்டு. லிஃப்ட் ரிப்பேர் பண்ணப் போனவருக்கு இதை ஏம்மா கொடுக்கணும்?"

கடைசி வரிசையில் மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். வெளிநாட்டு வேலை முடிந்து திரும்பியதிலிருந்து ஒருநாள்கூட அந்த வாட்சை அவர் கையில் கட்டியதில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய தம்பி பல்லைக் கடித்தார். "கூப்பிட்டு வெச்சு அவமானப்படுத்தறாங்க. அண்ணிக்கு இது தேவையா?"

தலைவர் விடுவதாயில்லை. "சுத்தி வளைக்க வேண்டாம். நேராவே கேக்கறேன். திருடினதா?"

அவள் போன் போட்டு வரவழைத்த சொந்தபந்தம் இரண்டு வரிசைக்கு உட்கார்ந்திருந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

 அவள் குரல் கணீரென்று வந்தது.

"அரண்மனை லிஃப்ட் பாதியில நின்னுபோச்சு. உள்ள ஒரு குழந்தை, அதைப் பாத்துக்கிற ஆயா. மேல மோட்டார் ரூம்ல தீ. எல்லாரும் வெளிய ஓடறாங்க, இவர் மட்டும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுப் புகைக்குள்ள இறங்கினார். குழந்தையை முதுகுல கட்டிக்கிட்டு ஏறி வந்தார். மறுபடி இறங்கி ஆயாவையும் கொண்டுவந்தார். உள்ளங்கை ரெண்டும் வெந்துபோச்சு. இன்னைக்கும் அவருக்கு விரல் முழுசா மடங்காது."

"கதை நல்லாருக்கு. ஆதாரம்?"

"பின்மூடியைத் திறந்து பாருங்க டாக்டர்."

தலைவர் அதற்கான கருவியைப் பொருத்தித் திருகினார். மூடியின் உட்புறத்தைக் கேமராவுக்குக் காட்டினார். பெரிய திரையில் பொடி எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. மெக்கானிக்கின் முழுப் பெயர். அதன் கீழே ஒரு வரி. தலைவர் அதை உரக்கப் படித்தார்.

"என் மகளை எனக்குத் திருப்பித் தந்தவருக்கு."

ஹால் எழுந்து நின்றது. கைதட்டல் ஓயவே இல்லை.

"இது கம்பெனியிலேயே பொறிச்ச எழுத்து. எனக்குத் துளி சந்தேகம் இல்ல" என்றார் தலைவர். "இந்த வருஷத்து முதல் பரிசு இதுக்குத்தான்."

மெக்கானிக்கை மேடைக்கு அழைத்து, தன் கையாலேயே அவருக்கு வாட்சைக் கட்டிவிட்டார். மெக்கானிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். அத்தை, மாமா, சித்தப்பா என்று ஒட்டுமொத்தக் குடும்பமும் மேடையேறி, அவர் கையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டது.

தம்பிக்கு மட்டும் ஆத்திரம் தீரவில்லை. கீழே இறங்கிய தலைவரை மறித்தார்.

"எங்கண்ணனைப் பாத்துத் திருடனான்னு கேக்க உங்களுக்கு எப்படி சார் மனசு வந்தது?"

தலைவர் மெக்கானிக்கின் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள்தான் நடுவில் வந்தாள்.

"அவரைத் திட்டாதீங்க தம்பி. கேக்கச் சொன்னதே நான்தான். இத்தனை வருஷமா நீங்க எல்லாரும் எங்க முதுகுக்குப் பின்னாடி கேட்டுட்டிருந்த கேள்வி அது. முகத்துக்கு நேரா ஒருத்தராவது கேட்டாத்தானே நான் பதில் சொல்ல முடியும்?"