மூன்று நாள் பயிற்சி

ஆசிட் லாரி ஓட்ட இனி சான்றிதழ் வேண்டும் என்றதும் நஞ்சப்பன் சிரித்தார். "இருவது வருசமா சாயப்பட்டறைக்கு ஓட்டறனுங்க. எனக்கு என்னத்தச் சொல்லித் தருவாங்க?"

முதல் நாளே பயிற்சியாளர் கேட்டார். "கண்ணுல ஆசிட் தெறிச்சா என்ன செய்வீங்க?"

"பனியன் வேஸ்ட்டுத் துணியால அழுத்தித் தொடைக்கோணுங்க."

"தொடைச்சா கண்ணு போயிரும். இருபது நிமிஷம் தண்ணி ஊத்துங்க, பார்வை தப்பிச்சுக்கும்."

'இருபது நிமிஷம்' என்று நஞ்சப்பன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் சான்றிதழோடு வீட்டுக்கு வந்தார். மனைவி பழனாத்தாள் அதை வாங்கித் தடவிப் பார்த்தாள்.

"ஏனுங்க, புதுசா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்ல."

"அதானே! பட்டறையில எங்கண்ணுல ஆசிட் தெறிச்ச அன்னைக்கு நீங்க ஓடியாந்து தொடைக்கலீன்னா, உசுரே போயிருக்குமுங்க" என்று, அவர் நிற்பதாக நினைத்து, சுவரைப் பார்த்துச் சிரித்தாள்.