அஞ்சுக்கு அஞ்சு

"அஞ்சுக்கு எத்தனை மார்க் கொடுப்பீங்க?" என்று கேட்டார் சென்னையிலிருந்து வந்திருந்தவர்.

"அஞ்சுங்க சார்" என்றாள் அனுசுயா.

நெருப்பெரிச்சல் ஊரில் இருக்கும் அந்தப் பனியன் கம்பெனியில் ஈஆர்பி சாஃப்ட்வேர் போட்டு ஒரு வருடம். நூல் வாங்குவதிலிருந்து பெட்டி ஏற்றுவது வரை எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில்தான். அது எவ்வளவு தூரம் பலித்திருக்கிறது என்று அளந்து சொல்லத்தான் முதலாளி லிங்கசாமி அவரை வரவழைத்திருந்தார். தானும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

டெய்லர் ஒவ்வொருவரும் மணிக்கு எத்தனை பீஸ் தைக்கிறார்கள் என்று அதில் ஏற்றுவது அனுசுயாவின் வேலை. மார்க் நன்றாக வந்தால் அவள் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள்.

"இதை வச்சு முடிவு ஏதாவது எடுத்தீங்களா?"

எடுத்திருந்தார்கள். மார்ச் மாதம், வேகம் குறைந்த பத்துப் பேரை அந்த சாஃப்ட்வேர் பட்டியல் போட்டுக் கொடுத்தது. அன்று சாயங்காலமே பத்துப் பேரும் வெளியே. ஆறாவது பெயர் செல்லத்தாய். கட்டைவிரலில் ஊசி ஏறியதிலிருந்து அவளுக்குக் கை ஓடவில்லை.

பெயர்களைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னாள் அனுசுயா. அவர் குறித்துக்கொண்டார்.

"வேண்டியவங்களுக்காக நம்பரை மாத்தினது உண்டா?"

லிங்கசாமி முந்திக்கொண்டார்.

"அதுக்கு நான் ஜவாப்புங்க. அந்தப் பத்துல ஒண்ணு இந்த அனுசுயாக் கண்ணைப் பெத்த அம்மா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே விட்டிருப்பனுங்க. வாயே திறக்கலியே!"

சொல்லிவிட்டுப் பெருமையாகச் சிரித்தார்.

வந்தவரின் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு அந்தக் கட்டத்திலும் ஐந்து போட்டது.

அனுசுயா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விட்டிருப்பாராம். அவளுக்கு அது தெரியாமல் இல்லை.

கடைசிக் கேள்வி, பயன்படுத்துவது சுலபமா என்பது.

"நீக்கின ஆளைத் திரும்பச் சேர்க்கணும்னா கஷ்டமா?"

"ஒரு நிமிஷம்கூட ஆகாதுங்க சார்."

காலையில் சாப்பாட்டுப் போசியைக் கையில் கொடுக்கும்போது அம்மாவும் இதையேதான் கேட்டாள்.

ஒரு தடவை எடுத்த பேரை அது எந்தக் காலத்திலும் திரும்ப ஏத்துக்காது என்று சொல்லிவிட்டு அனுசுயா பஸ் ஏறியிருந்தாள்.