மூன்று தட்டினால் ஆமாம்

திரைச்சீலைகளை இழுத்து மூடியதும் மத்தியான வெளிச்சம் அறையை விட்டுப் போய்விட்டது.

ஆவிகளை அழைத்துப் பேசும் மிஸஸ் புரூட், வந்தவர்களை வட்ட மேசையைச் சுற்றி ஆண், பெண், ஆண், பெண் என்று மாற்றி மாற்றி உட்கார வைத்தாள். இங்கிலாந்தின் கீத்லி ஊரில் ஆவிக்காகப் போடும் மேசை எதுவானாலும் அதுதான் முறை.

அந்த முறையால்தான் ஹெப்சிபாவுக்கு ஆம்ப்ரோஸின் பக்கத்து நாற்காலி கிடைத்தது.

"எல்லாரும் கையைக் கோத்துக்குங்க. நடுவுல யாரும் விட்டுடக் கூடாது. விட்டா வந்த ஆவி போயிடும்" என்றாள் மிஸஸ் புரூட்.

ஆம்ப்ரோஸ் கையை நீட்டினார். ஹெப்சிபா பிடித்துக்கொண்டாள்.

அவர் அவளுடைய அக்கா லவினியாவின் கணவர். லவினியா பிரசவத்தில் போய்ச் சேர்ந்தாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த ஹெப்சிபா அந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள். குழந்தை அவளைத்தான் அம்மா என்கிறது. ஒவ்வொரு தடவையும் அவள் 'சித்தி' என்று திருத்துகிறாள். திருத்தும்போது ஆம்ப்ரோஸ் ஜன்னலைப் பார்க்கிறார்.

இங்கிலாந்துச் சட்டத்துக்கு மனைவியின் தங்கை என்றால் கூடப்பிறந்த தங்கை மாதிரி. மனைவி செத்த பிறகும் அவளைக் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. ஊரார் காதுபட அவள் அவரை 'அண்ணா' என்றுதான் கூப்பிட வேண்டும், கூப்பிடுகிறாள்.

கடல் தாண்டி சுவிட்சர்லாந்துக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டவர்கள் உண்டு. யாரும் அவர்களைப் பற்றி நல்லவிதமாகப் பேசுவதில்லை. ஹெப்சிபா மட்டும் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் கையிலிருக்கும் தையலை நிறுத்திவிட்டுக் கேட்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து திரும்புகையில் ஆம்ப்ரோஸ் திடீரென்று சொன்னார்: "லவினியாகிட்ட ஒண்ணு கேக்கணும், ஹெப்சி. அவ என்ன சொல்றாளோ, அதுதான் எனக்கு முடிவு."

ஹெப்சி என்று சுருக்கிக் கூப்பிட்டது அன்றுதான். என்ன கேட்கப் போகிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அவர் முகம் சிவந்திருந்ததே போதுமாக இருந்தது.

ஜெபப்பாட்டு ஒன்றைப் பாடி முடித்தார்கள். ஆவி ஒரு தட்டுத் தட்டினால் இல்லை, மூன்று தட்டினால் ஆமாம் என்று மிஸஸ் புரூட் நினைவுபடுத்தினாள்.

முதலில் எதிரில் இருந்த விதவை, மிஸஸ் பிக்கிள்ஸ், தன் கணவரைக் கூப்பிட்டாள். வெகு நேரம் ஒரு சத்தமும் இல்லை.

"உசிரோட இருந்தப்பவே அந்த மனுஷன் ஒண்ணுக்கும் பதில் சொன்னதில்ல. செத்தா மட்டும் வாய் வந்துடுமா?" என்றாள் அவள். இருட்டில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

அடுத்தது ஆம்ப்ரோஸ்.

"லவினியா, வந்திருக்கியா?"

மேசைக்கு அடியில் மூன்று தட்டு.

அவர் மூச்சு இழுப்பது ஹெப்சிபாவுக்குக் கேட்டது. அவளுக்குப் பதிலைப் பற்றிப் பயமில்லை. கேள்வி வர வேண்டும், அவ்வளவுதான்.

"என் மனசு போகக் கூடாத இடத்துக்குப் போகுது, லவினியா."

'மனசு' என்றபோது அவருடைய விரல்கள் அவள் விரல்களை இறுக்கின. எலும்பு வலிக்கும்படி இறுக்கின. அந்தக் கையை இத்தனை நாளாக அவள், அவர் சட்டைக்குப் பொத்தான் தைக்கும்போதும் கோப்பையை நீட்டும்போதும் தொடாமல் கடந்திருக்கிறாள்.

"ராத்திரி பகல்னு இல்லாம அதே நினைப்பாவே இருக்கு. உன் வீட்டுக்குள்ளயே உனக்குத் துரோகம் பண்றேனோன்னு இருக்கு." அவர் குரல் உடைந்தது. "நீயே சொல்லு. அதை என்னை விட்டுத் தூர அனுப்பிடணுமா?"

ஹெப்சிபா கோத்திருந்த கையைப் பார்த்தாள்.

கையை உருவிக்கொண்டால் போதும். வட்டம் அறுந்துவிடும், வந்தவள் போய்விடுவாள், கேள்வி கேள்வியாகவே நின்றுவிடும்.

ஆனால் அவர் அவள் கையை அப்படிப் பிடித்திருந்தது அதுவே முதல் தடவை. இன்னும் ஒரு கணம் என்று நினைத்தாள்.

மேசைக்கு அடியில் தட்டும் சத்தம் எழுந்தது.

ஒன்று.

இரண்டு.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மூன்று.

விரல்கள் தளர்ந்தன. விட்டுவிடக் கூடாது என்ற விதிக்காக மட்டும் அவர் கை கடைசிப் பாட்டு முடியும்வரை அவள் கைக்குள் கிடந்தது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் போல.

திரைகளைத் திறந்தார்கள். மிஸஸ் பிக்கிள்ஸ் ஆம்ப்ரோஸின் தோளைத் தட்டினாள்.

"குடியைத்தானே சொன்னீங்க, தம்பி? விட்டுடுங்க. எங்க வீட்டுக்காரர் செத்துத்தான் விட்டாரு."

"விட்டுடறேம்மா" என்றார் ஆம்ப்ரோஸ். தொப்பியை எடுத்துக்கொண்டார். ஹெப்சிபா நின்ற பக்கம் பார்க்காமலே வெளியே போனார்.

மேலங்கியை மாட்டிவிடும் சாக்கில் மிஸஸ் புரூட் அவள் காதருகே குனிந்தாள். அந்த முகத்தில் நல்ல காரியம் செய்த பூரிப்பு.

"நேத்து வந்து அந்த அழுகை அழுதீங்களே, அவர் எதைக் கேட்டாலும் மூணு தட்டிடுங்கன்னு. தட்டிட்டேன், பாத்தீங்களா? இனிமேலாவது சந்தோஷமா இருங்க, கண்ணு."

ஹெப்சிபா நன்றி சொன்னாள்.

தெருவில் ஆம்ப்ரோஸ் கையை உயர்த்தி இரண்டு வண்டிகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.